எடுத்துக்காட்டு ஏழில் என் மனைவி

நான் பிரம்மச்சாரி ஆகிவிட்ட செய்தி எனக்கு மருத்துவ அட்டை புதுப்பிக்கும் ஜன்னலில்தான் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்திய மனிதன் இதைக் கேட்டால் அதிர்ச்சி அடைய வேண்டும். கொஞ்சம் சந்தோஷப்பட்டிருக்கலாம் என்றும் பின்னால் சில நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு இரண்டும் வரவில்லை. "அப்படிங்களா" என்றேன். நெடுநாள் அலுவலகத்தில் இருந்தவன் வாயில் முதலில் வருவது அதுதான்.

ஜன்னலுக்குள் இருந்த பெண் திரையைப் பார்த்தபடியே வாசித்தாள். திருமணமாகாதவர். சார்ந்திருப்போர் எவருமில்லை. ரத்தம் பி வகை. என் ரத்தம் ஓ வகை. அதையாவது விட்டுவைத்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அட்டை என் மனைவிக்காகத்தான் தேவைப்பட்டது. அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை அறிவிப்பு அறையில் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று பதினெட்டு வருஷமாகச் சொல்லி வருகிறவள். இரண்டு மாதமாகக் கழுத்தில் ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் குரலுக்குப் போகும் நரம்பின் மேல் சாய்ந்துகொண்டிருக்கிறது, வளர்ந்துகொண்டே போனால் நரம்பு நசுங்கிவிடும், அப்புறம் எடுத்தாலும் குரல் திரும்பாது என்றார். இந்த மாதம் பத்தொன்பதாம் தேதி அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்தார். அதை விட்டால் அடுத்த நாள் நான்கு மாதம் கழித்து. என் அலுவலகம் கொடுக்கும் குடும்ப அட்டை இருந்தால்தான் அந்த மருத்துவமனை படுக்கை கொடுக்கும். அட்டைக்கு என் பதிவில் அவள் இருக்க வேண்டும். அவள் இல்லை.

நான் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இணைச்செயல் கட்டளைமொழி வாரியம். இப்போதெல்லாம் ஒரு கணினிக்குள் ஒரு மூளை இல்லையாம், நூறு இருக்கிறதாம். நூறும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டுமானால் அவற்றை ஏவ ஒரு மொழி வேண்டும். 'இதை எடு, அதோடு கூட்டு, அங்கே வை' என்று ஒவ்வொரு வாக்கியமும் உத்தரவாக இருக்கும் மொழி. அதை வடிவமைப்பதுதான் வாரியத்தின் வேலை. பதினாறு ஆண்டுகளாக வடிவமைத்துக்கொண்டிருக்கிறது. மொழிக்குப் பெயர் பல்கை. பெயர் வைப்பதற்கு மட்டும் இரண்டு ஆண்டு ஆனது.

நான் அங்கே கூட்டக் குறிப்பு எழுதுபவன். நூறு வேலை ஒரே நேரத்தில் நடப்பது எப்படி என்று ஆராயும் அந்தக் கூட்டத்தில் ஒலிவாங்கி ஒன்று, குறிப்பெழுத்தன் ஒருவன். ஒருவர் பேசும்போது இன்னொருவர் இருமினால்கூடத் தலைவர் கையை உயர்த்தி நிறுத்துவார். இருமியவர் பெயரைப் பட்டியலில் எழுதிக்கொள்வார். முறை வந்ததும், "இப்ப நீங்க இருமலாம்" என்பார். அவர் கேலி செய்யவில்லை. அவருக்குக் கேலி தெரியாது.

வாரியத்தில் இரண்டு கட்சி. ஒன்று தலைவருடையது, மற்றது பூட்டம்மாவுடையது. பூட்டம்மா என்பது நாங்கள் வைத்த பெயர். பூட்டுக் குழுவின் தலைவி அவர். ஒரே இடத்தில் இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் கைவைக்கக் கூடாது, முதலில் வருவது உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும், முடித்துத் திறக்கும்வரை அடுத்தது வெளியே நிற்க வேண்டும் என்பது அவர் வாதம். கழிப்பறைக்குப் போய்வந்த எவருக்கும் இது புரியும். வாரியத்துக்கு மட்டும் ஆறு ஆண்டுகளாகப் புரியவில்லை. பூட்டுகளின் வகைகள் பற்றி அவர் குழு தயாரித்த இருநூற்றுப் பதினான்கு பக்க அறிக்கை அவருடைய இரும்பு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. இதுவரை ஒருவரும் படித்ததில்லை. பூட்டின் பயனே அதுதான் என்பார்.

தலைவர் பூட்டுக்கு எதிரி. பல்கையின் சோதனை ஓட்டத்துக்கு முந்திய கூட்டத்தில் அவர் பேசியதை நானே எழுதினேன்.

"பூட்டுன்னா என்ன அர்த்தம்? நான் ஒரு உத்தரவு போடறேன். அது போய்க் கதவு முன்னாடி நின்னு, உள்ளே யாரோ இருக்காங்கன்னு காத்துக்கிட்டு இருக்கணுமா? முப்பத்தோரு வருஷத்துல என் உத்தரவு ஒருதடவைகூடக் காத்திருந்ததில்ல. அது நிறைவேறுச்சான்னு கேட்காதீங்க. அது வேற துறை."

கைதட்டினார்கள். பூட்டு 'விரும்பினால் போட்டுக்கொள்ளலாம்' என்ற பட்டியலில் போய்ச் சேர்ந்தது. யாரும் விரும்பவில்லை.

சோதனை ஓட்டம் மூன்று மாதத்துக்கு முன் நடந்தது. வாரிய ஊழியர் பதிவேட்டில் இரண்டு பேரின் குடும்ப விவரங்களை ஒரே சமயத்தில் புதுப்பித்துக் காட்டுவதாக ஏற்பாடு. எந்த இரண்டு பேர் என்று யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. தலைவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். விருந்தினர்களை மேலே கொண்டுவந்து விட்டுவிட்டு லிப்ட்காரர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். நான் நோட்டும் பேனாவுமாக நின்றுகொண்டிருந்தேன். "இவங்க ரெண்டு பேரும் சும்மாதானே நிக்கறாங்க" என்றார் தலைவர்.

இரண்டு பெரிய மனிதர்கள் இரண்டு பொத்தான்களை அழுத்தினார்கள். பழைய முறையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் நான்கு நொடி ஆகுமாம். பல்கையில் இரண்டே நொடியில் முடிந்தது. அந்த இரண்டு நொடியை மிச்சம் பிடித்ததற்கு ஒன்றரை மணி நேரம் பாராட்டுக் கூட்டம் நடந்தது.

பிழை எங்கே என்று பின்னால் ஒருவர் எனக்கு விளக்கினார். பெரிய பேரேட்டில் இரண்டு பேர் எழுதுகிறார்கள்; எந்த வரியில் எழுதுவது என்று காட்ட இருவருக்கும் சேர்த்து ஒரே விரல். முதல் ஆள் என் பெயர் இருக்கும் வரியில் விரலை வைத்தான். எழுதத் தொடங்குவதற்குள் இரண்டாம் ஆள் விரலை லிப்ட்காரர் வரிக்கு நகர்த்திவிட்டான். முதல் ஆள் அது தெரியாமல் விரல் காட்டிய இடத்தில் என் குடும்பத்தை எழுதினான். பிறகு தன் வேலையைச் சரிபார்க்க அவன் விரலை மறுபடி என் வரிக்கு நகர்த்தினான். இரண்டாம் ஆள் லிப்ட்காரரின் குடும்பமின்மையை என் வரியில் எழுதினான். இரண்டு பேரும் உத்தரவை அப்படியே நிறைவேற்றினார்கள். அதனால்தான் எந்த இடத்திலும் சிவப்பு விளக்கு எரியவில்லை.

ஜன்னலிலிருந்து பதிவேட்டுப் பிரிவுக்குப் போக லிப்டில் ஏறினேன். லிப்ட்காரர் ஒல்லியான மனிதர், முப்பத்தெட்டு வயது. பெண் கேட்டுப்போன மூன்று இடத்திலும், நாள் முழுக்க மேலும் கீழும் போய்விட்டு மாலையில் கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கிற வேலையில் என்ன முன்னேற்றம் இருக்கும் என்று கேட்டுவிட்டார்களாம். அதற்குப் பிறகு அவர் நான்காவது இடத்துக்குப் போகவில்லை. அன்றைக்கு இரண்டாம் மாடி தாண்டியதும் ஆரம்பித்தார்.

"அண்ணே, ஒரு விஷயம். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்."

"பொண்ணு யாரு?"

அவர் பொத்தான் பலகையைப் பார்த்துக்கொண்டு, "அண்ணிதான்" என்றார்.

வாழ்த்துக் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறதாம். புதுமணத் தம்பதியருக்கான நான்கு நாள் விடுப்பும் சேர்த்து அனுமதித்திருந்தார்களாம். அந்த விடுப்பை அவர் எடுக்கவில்லை. முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எப்படிண்ணே சொல்றது?" என்றார். யோசித்துப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.

பதிவேட்டு அலுவலர் நல்ல மனிதர். என் மனைவியைத் தெரியும். எங்கள் வீட்டில் டீ குடித்திருக்கிறார். முன்பெல்லாம் பேனாவால் ஒரு கோடு போட்டுத் திருத்திவிடுவேன், சோதனை ஓட்டத்திலிருந்து கையால் திருத்தத் தடை, எல்லாம் பல்கை வழியாகத்தான் போக வேண்டும், அதற்குக் குழுவின் அனுமதி வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டில் ஒன்றும் பிரச்சினை இல்லையே என்று கேட்டார். அவர் கண்ணெதிரே இருந்த திரையை அவரும் கொஞ்சம் நம்பத் தொடங்கியிருந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். சீருடையை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு, அந்த லிப்ட்ல இருக்கறவரா?"

"ஆமா."

"அவருக்காவது காலையில தானா எழுந்திருக்கத் தெரியுமா?"

சிரித்தாள். சிரிப்பின் கடைசியில் குரல் உடைந்து காற்று மட்டும் வந்தது. இருவரும் அதைக் கவனிக்காததுபோல வேறு வேலை பார்த்தோம். தேதி அன்று இரண்டு.

மறுநாள் பூட்டம்மாவிடம் போனேன். பூட்டு இல்லாததால் நேர்ந்த பிழை என்பதால் அவர் உதவுவார் என்று நம்பினேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கண் கலங்கிவிட்டது. ஆறு ஆண்டுகளாக இப்படி ஒன்றுக்காகத்தான் காத்திருந்தாராம். கற்பனையாக எத்தனையோ எடுத்துக்காட்டு கொடுத்தாராம், ஒருவரும் மதிக்கவில்லையாம். இப்போது ரத்தமும் சதையுமாக ஒன்று எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு டீ வரவழைத்தார். பிறகு பல்கை மொழியின் வரைவு ஆவணத்தைத் திறந்து, எடுத்துக்காட்டு ஏழு என்று தலைப்பிட்டு எழுத ஆரம்பித்தார்.

"மேடம், திருத்தம்..."

"ஒரு வரி போதும். பூட்டு, மாத்து, திற. அஞ்சு நிமிஷ வேலை."

"அப்ப இன்னிக்கே..."

"இன்னிக்கு மாத்திட்டா ஆவணத்துல என்ன இருக்கும்? 'இந்த ஊழியரின் பதிவு பிழையாக இருக்கிறது'ன்னு எழுதியிருக்கேன். நீங்க சரியாயிட்டா நான் எழுதினது பொய்யாயிடும். வாக்கெடுப்பு வரைக்கும் தாங்கிக்குங்க. நீங்க இப்ப தனி மனுஷன் இல்ல."

அன்று மாலையே என் பதிவு முடக்கி வைக்கப்பட்டது. பல்கையின் வரலாற்றில் போடப்பட்ட முதல் பூட்டு அதுதான் என்று பூட்டம்மா எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். கீழே ஒரு சிரித்த முகமும் இருந்தது.

ஐந்தாம் தேதி கூட்டத்தில் எடுத்துக்காட்டு ஏழு விவாதத்துக்கு வந்தது. எழுதுபவன் நான். பூட்டம்மா திரையில் என் படத்தைப் போட்டு, கம்பு வைத்துக் காட்டிப் பேசினார். படத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கும் லிப்ட்காரருக்கும் நடுவே ஒரு அம்புக்குறி, அம்பின் மேல் என் மனைவி. தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒலிவாங்கியை வாங்கினார்.

"நான் கணக்கா கேக்கறேன். சோதனைக்கு முன்னாடி இந்த ரெண்டு பேருக்கும் சேர்த்து மொத்தம் எத்தனை மனைவி? ஒண்ணு. சோதனைக்கு அப்புறம்? ஒண்ணு. ஒரு மனைவி காணாமப் போகல. ஒரு மனைவி கூடுதலா வரல. மொத்தம் சரியா இருக்கு. எங்கே பிழை? ஒரு ஊழியர்கிட்ட இருந்த சுமை இன்னொரு ஊழியருக்குப் போயிருக்கு. சுமைப் பகிர்வுன்னு நாலாவது அத்தியாயத்துல நாமதானே எழுதினோம்? இயந்திரம் அதைத் தானாவே பண்ணியிருக்கு. நாம பெருமைப்படணும்."

ஒருவர் எழுந்து, சம்பந்தப்பட்ட பெண்மணியின் கருத்து என்ன என்று கேட்டார். அவர் புதிதாக வந்தவர். பெண்மணி ஊழியர் இல்லை, தரவு என்று தலைவர் விளக்கினார். தரவுக்குக் கருத்து இருக்க முடியாது.

அப்போதுதான் நான் அந்தக் காரியம் செய்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். பதினாறு வருஷத்தில் அந்த அறையில் நான் வாய் திறந்தது அதுவே முதல் தடவை. என் மனைவிக்குப் பத்தொன்பதாம் தேதி அறுவை சிகிச்சை என்றேன். நாள் தவறினால் அவள் குரல் போய்விடும் என்றேன். அவள் பெயரை என் வரியில் எழுதிக் கொடுங்கள், அது போதும் என்றேன். மூன்றே வாக்கியம். பூட்டம்மா கைக்குட்டையை எடுத்தார். தலைவர்கூட முகம் இளகி, உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

பிறகு, கடைசிப் பத்தியை வாசியுங்கள் என்றார். வாசித்தேன். தரவுக்குக் கருத்து இருக்க முடியாது என்பதோடு குறிப்பு நின்றிருந்தது.

"அப்புறம் எதுவும் பேசப்படலியே" என்றார்.

"நான் பேசினேன் சார்."

"குறிப்புல இல்லையே தம்பி."

நான் பேசும்போது எழுத நான் இல்லை. விதிப்படி வேறு யாரும் எழுத முடியாது. எனவே நான் பேசவில்லை. அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த விதியைப் பதினாறு வருஷம் முன்னால் அழகான கையெழுத்தில் எழுதியவன் நான்தான். உட்கார்ந்து, தொடர்ந்து எழுதினேன். உள்ளே எங்கேயாவது வலிக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி. ஒன்றும் தெரியவில்லை.

ஆனாலும் அந்தப் பேச்சு வீண்போகவில்லை. மனிதாபிமான அடிப்படையில் ஒரு சோதனைத் திருத்தம் செய்து பார்க்கத் தலைவர் வாய்மொழியாக அனுமதித்தார். பூட்டம்மா தன் பூட்டைக் கால்மணி நேரம் திறந்துவிடச் சம்மதித்தார். நிபந்தனை ஒன்றுதான்: திருத்தமும் பூட்டில்லாமல், இணையாகத்தான் நடக்க வேண்டும். வாரியம் தன் மொழியைத் தானே நம்பவில்லை என்று வெளியே பேச்சு வரக் கூடாது.

திருத்தம் ஒன்பதாம் தேதி நடந்தது. எனக்கு என் ரத்த வகை திரும்பி வந்தது. என் பிறந்த தேதி லிப்ட்காரருக்குப் போய்விட்டது. அவர் ஐம்பத்தொரு வயதுக் குடும்பஸ்தர் ஆனார். நான் முப்பத்தெட்டு வயதுப் பிரம்மச்சாரி ஆனேன். மனைவி அவரிடமே இருந்தாள்.

அன்று மாலை மனைவியிடம் சொன்னபோது அவளால் சத்தமாகப் பேச முடியவில்லை. நிலையத்தில் அவளுக்குப் பதிலாக ஒலிப்பதிவை ஓடவிட்டிருந்தார்கள். காகிதத்தில் எழுதிக் காட்டினாள்: 'நல்ல வயசு. நல்ல இடமா பாத்து ஒரு பொண்ணு கட்டிக்குங்க.' கீழே இன்னொரு வரி: 'சமைக்கத் தெரிஞ்ச பொண்ணா பாக்காதீங்க, சகிச்சுக்கத் தெரிஞ்சவளா பாருங்க.'

நான் அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பதினாறாம் தேதி மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். மனைவியோடு நான் போனேன். சேர்க்கைப் பிரிவில் இருந்தவர் அவள் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கும்மா. அட்டை உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. பத்தொன்பதாம் தேதி காலையில ஏழு மணிக்கு அவர் வந்து கையெழுத்துப் போட்டா போதும்" என்றார். திரையைத் திருப்பிக் காட்டினார். லிப்ட்காரரின் முகம். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள். இருக்கிற குரலையெல்லாம் சேர்த்து, "அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

இரண்டு வாரமாக நான் யோசிக்காத வழி அது. நான் வாரியத்தில் வேலை பார்க்கிறவன். பதிவைத் திருத்துவதைப் பற்றி மட்டுமே யோசிக்கத் தெரியும். பதிவு சொல்கிறபடி நடந்துகொள்ளலாமே என்பது பேருந்து நிலையத்தில் வேலை பார்க்கிறவளுக்குத் தோன்றியிருக்கிறது. வண்டி நடைமேடை மாறி நின்றால் அங்கே போய் ஏற வேண்டியதுதானே.

லிப்ட்காரரிடம் கேட்டபோது லிப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் இருந்தது. அவர் அங்கேயே நிறுத்திவிட்டார்.

"நானாண்ணே?"

"கையெழுத்து மட்டும்தான்."

"ஏதாவது கேட்டா?"

"நான் சொல்லித் தர்றேன்."

இரண்டு நாள் மதிய இடைவேளையில், மாடிகளுக்கு நடுவே நிறுத்திய லிப்டில் வைத்து அவருக்கு என் மனைவியைச் சொல்லிக் கொடுத்தேன். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. இடது காது கொஞ்சம் மந்தம். ஊசி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், ஆனால் பயமில்லை என்பாள். இரத்த அழுத்த மாத்திரை காலையில் அரை. பயணச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதி மனப்பாடம் செய்தார். சில கேள்விகளுக்கு எனக்கே பதில் தெரியவில்லை. அம்மை போட்டதுண்டா என்று கேட்டார். இரவு வீட்டில் கேட்டுவந்து மறுநாள் சொன்னேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவளைப் பற்றி நான் அவ்வளவு விசாரித்ததில்லை.

பதினெட்டாம் தேதி மாலை தலைவர் கூப்பிட்டனுப்பினார். மறுநாள் காலை எட்டு மணிக்கு இறுதி வாக்கெடுப்பு. பல்கை நிறைவேறினால், எடுத்துக்காட்டு ஏழின் தேவை முடிந்துவிடும், பதிவைத் திருத்திவிடலாம், பூட்டம்மாவும் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றார். நான் விடுப்புக் கேட்டேன்.

"உங்க பிரச்சினை தீரப்போற கூட்டத்துக்கு நீங்களே வரலைன்னா எப்படி?"

"நாளைக்கு ஆபரேஷன் சார்."

"யாருக்கு?"

"என் மனைவிக்கு."

அவர் உண்மையான குழப்பத்தோடு என்னைப் பார்த்தார். பிறகு, "அதான் அவங்க வீட்டுக்காரர் போறாரே" என்றார். லிப்ட்காரர் ஏற்கெனவே விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார், மனைவியின் அறுவை சிகிச்சை என்று காரணம் போட்டு. அது உடனே அனுமதிக்கப்பட்டிருந்தது. ஒரே சிகிச்சைக்கு இரண்டு பேருக்கு விடுப்புக் கொடுக்க விதியில்லை.

நான் சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த நாள் போகவில்லை. இதை வீரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அலாரம் அடித்தது, எழுந்தேன், கால் மருத்துவமனைப் பக்கம் நடந்தது. கூடவே நானும் போனேன்.

லிப்ட்காரர் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். தேய்த்த சட்டை. முகம் இரண்டு இடத்தில் வெட்டுப்படும்படி சவரம் செய்திருந்தார். சேர்க்கைப் பிரிவில் நர்ஸ் கேட்டவற்றுக்கெல்லாம் நிமிர்ந்து நின்று பதில் சொன்னார். கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் என்று கேட்டதும் தடுமாறிவிட்டார். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

"மூணு மாசம்" என்றார். பதிவின்படி அது சரிதான்.

நர்ஸ் பேனாவை நிறுத்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இந்த வயசுல கல்யாணம் பண்ணிக்கறதுக்கும் ஒரு மனசு வேணும்" என்று சொல்லி, ஜன்னலோரப் படுக்கையாகப் பார்த்து எழுதிக் கொடுத்தாள். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நர்ஸ் நினைத்தாள். எனக்குத் தெரியும், அது சிரிப்பு.

என்னிடம் பார்வையாளர் சீட்டு ஒன்று நீட்டினார்கள். நோயாளிக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. நர்ஸுக்கு அவசரம். "கூட வந்தவர்னு போடுங்க" என்றாள். போட்டேன். அதில் பொய் இல்லை.

கதவுக்குள் அவளைத் தள்ளிக்கொண்டு போனபோது இருபுறமும் நாங்கள் நடந்தோம். அவள் கை என் பக்கம் இருந்தது. உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி, கணவருக்கு. லிப்ட்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். போங்க என்று தலையசைத்தேன். கதவு மூடியது.

நடைக்கூடத்தில் நீல நிற நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் லிப்ட்காரரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள்; அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பத்தரை மணிக்குப் பூட்டம்மா போன் செய்தார். பல்கை ஒருமனதாக நிறைவேறியதாம். வாரிய வரலாற்றில் இப்படி ஒரு கூட்டம் நடந்ததில்லையாம், அவரும் தலைவரும் கைகுலுக்கிக்கொண்டார்களாம். ஆனால் குறிப்பு எழுத ஆள் இல்லை. எனவே கூட்டம் நடக்கவில்லை. அடுத்த கூட்டம் நான்கு மாதம் கழித்து. அதுவரை எடுத்துக்காட்டு ஏழு இருந்தபடியே இருக்கும். "நீங்க வந்திருந்தா இன்னிக்கே உங்களுக்கு அவங்க கிடைச்சிருப்பாங்க" என்றார். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. நான் நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். கூப்பிட்டது கணவரை. லிப்ட்காரர் கைகழுவிவிட்டுப் போனார். நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தேன். கட்டி போய்விட்டது என்று டாக்டர் நடந்துகொண்டே என்னைத் தாண்டி யாருக்கோ சொல்லிவிட்டுப் போனார். குரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவரை நிறுத்திக் கேட்க நான் யார் என்று ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்தது.

கால்மணி நேரம் கழித்து லிப்ட்காரர் வெளியே வந்தார். முகம் வியர்த்திருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்மேல் கை இரண்டையும் வைத்துக்கொண்டார்.

"பேசினாளா?" என்றேன்.

"பேசினாங்கண்ணே."

"குரல்?"

"கொஞ்சம் கரகரன்னு இருக்கு. ஒரு எழுத்து விடாம வருது." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கண்ணைத் தொறக்கல. மயக்கம் பாதிதான் தெளிஞ்சிருக்கு. நான் பக்கத்துல நின்னதும் நீங்கன்னு நினைச்சுட்டாங்க. திட்ட ஆரம்பிச்சுட்டாங்க."

"என்னையா?"

"பதினைஞ்சு நிமிஷம். அலுவலகத்துல யாரு என்ன சொன்னாலும் தலையாட்டிட்டு வர்றீங்களாம். குடையை எங்கேயோ வச்சுட்டு வந்து ரெண்டு வருஷமா தேடறேன் தேடறேன்னு சொல்றீங்களாம். ராத்திரி தூக்கம் வராம கூரையைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கீங்களாம், கேட்டா தூங்கறேன்னு சொல்வீங்களாம். தான் செத்துட்டா யாரு சட்டைக்குப் பொத்தான் தைப்பாங்கன்னு கேட்டாங்க."

நர்ஸ் ஒருத்தி தட்டோடு எங்களைத் தாண்டிப் போனாள். அவள் போகும்வரை காத்திருந்தார்.

"நான் இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ண்ணே. சொல்லத் தோணல. நின்னு கேட்டுக்கிட்டேன். என்னை இதுவரைக்கும் யாரும் அப்படித் திட்டினதில்ல." பிறகு கையைப் பார்த்துக்கொண்டு, "எல்லாம் உங்களுக்கு வந்ததுதான். வாங்கி வச்சிருக்கேன். இன்னும் கொஞ்சம் இருக்கு, சொல்லட்டுமா?" என்றார்.

சொல்லச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். எங்கேயோ பாதியில் எனக்குக் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. அவர் அதற்காக நிறுத்தவில்லை.